வெள்ளம் வடிந்த இரண்டாம் மாதம்

மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் பழைய சாலையில் செர்க்காம், மெர்லிமாவ் தாண்டினால் சுங்கை ரம்பாய். ஜாசின் மாவட்டத்தின் தென்கோடி. கெசாங் ஆற்றைக் கடந்துவிட்டால் ஜொகூர். தட்டைத் தரை, செம்பனை, தென்னை, எங்கு திரும்பினாலும் வாய்க்கால். மேட்டில் பெய்கிற மழை இந்தத் தாழ்நிலத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். கடல் ஏறி நிற்கிற நேரம் பார்த்து மழையும் வலுத்தால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. வாசலுக்கு வரும், பிறகு வீட்டுக்குள் வரும்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இரண்டு தடவையாக வந்த வெள்ளத்தில், ஆற்றுக்கு அந்தப்புறம் ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள், மலாக்காவும் தப்பவில்லை. 2022 புத்தாண்டு பிறந்தபோது ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தண்ணீர் நின்றது. 2023 மார்ச்சில் ஜொகூரில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் நிவாரண மையங்களில் படுத்தார்கள். பத்து பகாட் வட்டாரத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

தண்ணீர் எப்படி வருகிறது என்பதை வடிகால் நீர்ப்பாசன இலாகா சொல்லட்டும். வந்த பிறகு நாம் கொடுக்கிறோமே, அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. யாருக்குக் கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்? தமிழர்கள் கொடுக்கத் தயங்குகிறவர்கள் அல்லர். கோவில் திருவிழாவுக்கு உபயம் கேட்டால் ஒரே நாளில் பட்டியல் நிறைந்துவிடும். வெள்ளச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அரை மணியில் அரிசி மூட்டை கிளம்பிவிடும். குறை மனத்தில் இல்லை. கொடுப்பதை நாம் நம்முடைய இரக்கத்தின் அளவில் வைத்திருக்கிறோம். இழந்தவரின் தேவையின் அளவில் வைக்கவில்லை. இந்த ஒரு குறையால் எத்தனை நல்ல பணம் வீணாகிறது, எத்தனை குடும்பம் தவித்து நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதல் மூன்று நாள்

முதல் மூன்று நாளில் இந்த நாட்டு மக்கள் செய்ததைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. 2021 டிசம்பர் 16 முதல் 18 வரை கொட்டிய மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றார்கள். அரசாங்கப் படகுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, மீன்பிடிப் படகு வைத்திருந்தவர்களும் விளையாட்டுத் துடுப்புப் படகு வைத்திருந்தவர்களும் தாங்களே இறங்கினார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவின் சமையற்கூடத்தில் ஆயிரக்கணக்கான சாப்பாட்டுப் பொட்டலங்கள் தயாராயின. காய்கறி நறுக்க வந்தவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 2014 டிசம்பரில் மஞ்சள் வெள்ளத்தில் மூழ்கிய கிளந்தானிலிருந்து தொண்டர்கள் வண்டி கட்டிக்கொண்டு சிலாங்கூருக்கு வந்தார்கள். அன்று தங்களுக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள்.

நான்காம் நாளிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. நிவாரண மையத்து வாசலில் லோரி வந்து நிற்கும். உள்ளே மேகி மீ பெட்டிகள், பிஸ்கட், மூட்டை மூட்டையாகப் பழைய துணி. மையத்தில் மூன்று வேளைச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பார்கள். கொதிநீருக்கும் அடுப்புக்கும் வசதி இல்லாத இடத்தில் மேகி மீயை வைத்து என்ன செய்வது? பழைய துணியைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். அந்த ஆளும் இடமும் வேறு வேலைக்குத் தேவைப்படுகிற நாள்கள் அவை. அதே சமயம் யாருமே கொண்டுவராத பொருள்கள் சில உண்டு: பெண்களுக்கான நாப்கின், பெரியவர்களுக்கான டயாப்பர், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, புதிய உள்ளாடை, மூக்குக்கண்ணாடி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நாகப்பட்டினத்துச் சாலையோரத்தில்

இதில் நமக்கு மிகப் பெரிய பாடம் இருக்கிற ஊர் நாகப்பட்டினம். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் கப்பலேறிய துறைமுகம். ரஜூலா கப்பல் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் ஆள் ஏற்றிவந்த கரை. 2004 டிசம்பர் 26 காலை அந்தக் கரையில் ஆழிப்பேரலை ஏறியது. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு மாவட்டத்தவர். மலேசியாவிலும் அன்று 68 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். நம் வீட்டுத் துக்கம் இருக்கும்போதே நாகையின் துக்கத்துக்கும் இங்கிருந்து காசு போயிற்று.

அங்கே நடந்தது என்ன? நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்து மழையில் நனைந்து மட்கின. நேற்றுவரை சொந்தப் படகும் சொந்த வீடும் வைத்திருந்த மீனவர் குடும்பங்கள், முன்பின் தெரியாதவர் கழித்துப்போட்ட சேலையை உடுத்த மறுத்துவிட்டார்கள். எல்லாம் இழந்தவருக்கு மானமும் போய்விட்டது என்று கொடுப்பவர் நினைத்துக்கொண்டால் அது கொடையாகாது. வந்த துணிகளை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்கு இன்னொரு வேலையாயிற்று.

பிறகு படகுகள். கடல் என்றால் மீனவர், மீனவர் என்றால் படகு என்று எல்லா அமைப்புகளும் ஒரே கணக்குப் போட்டன. கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. சில ஊர்களில் அலைக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகு. கூலிக்குக் கடலுக்குப் போனவர்களும் படகுக்காரர் ஆனார்கள், படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அதே கரையில் மீன் விற்றவர்கள், கருவாடு போட்டவர்கள், உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் மக்கள், கழிமுகத்தில் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்கள் ஆகியோருக்கு உதவி தாமதமாகவும் குறைவாகவுமே போய்ச் சேர்ந்தது. சில இடங்களில் தங்கும் முகாமில்கூடச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள். பேரலை பார்க்காத சாதியை நிவாரணம் பார்த்தது. இதை மறைத்துவிட்டுத் தமிழர் கொடைச்சிறப்பைப் பேசக் கூடாது.

நாகையில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். சில நாள்களிலேயே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா என்ற உள்ளூர் அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊருக்கு எது போயிருக்கிறது, எது போகவில்லை, எந்த அமைப்பு எந்தக் கிராமத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கிய இடத்தில் இந்தப் பதிவேடு செய்த வேலையை எந்தப் பெரிய நன்கொடையும் செய்திருக்க முடியாது.

அதே ஆழிப்பேரலையில் இன்னொரு செய்தி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, இந்தப் பேரிடருக்கு எங்களால் செலவிட முடிகிற அளவு பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், உங்கள் பணத்தை வேறு இடத்து உயிர்களுக்குச் செலவிடலாமா என்றும் கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் நேர்மை மற்ற அமைப்புகள் பலவற்றுக்கு எரிச்சலூட்டியது. பின்னர் அந்த நிவாரணத்தை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டுக் குழு ஒன்று ஒரு கணக்கைச் சொன்னது: ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் உலகம் தந்த உதவி 7,100 அமெரிக்க டாலருக்கும் மேல், அதே 2004-ஆம் ஆண்டு பங்ளாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவானது தலைக்கு 3 டாலர். மூழ்கிய வீடு இரண்டு இடத்திலும் மூழ்கிய வீடுதான். ஒன்று தொலைக்காட்சியில் ஓடியது, மற்றது ஓடவில்லை.

கடனா, கருணையா?

கொடுப்பது கருணையா கடமையா என்ற கேள்வியை ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972-இல் வெளியான ஒரு கட்டுரையில் கூர்மையாகக் கேட்டார். கிழக்கு வங்காளம் புயலாலும் போராலும் சிதைந்து, அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குவதைப் பார்க்கிற ஒருவர், தன் உடுப்பு சேறாகும் என்று ஒதுங்கிப் போனால் அதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். அப்படியானால் குழந்தை பக்கத்தில் இருக்கிறதா, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறதா என்பது மட்டும் எப்படி நியாயத்தை மாற்றும் என்றார் அவர். கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்ற நிலைப்பாட்டை அவர் ஏற்கவில்லை. கொடுக்க முடிந்தும் கொடுக்காதது தவறு என்றார்.

இது வெள்ளைக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வள்ளுவர் ஈகை என்ற அதிகாரத்தை எழுதுவதற்கு முன்னாலேயே ஒப்புரவறிதலை வைத்துவிட்டார். ஊரோடு சேர்ந்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டியதை அறிவது முதலில் வருகிறது. இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது அதற்குப் பிறகு. அந்த வரிசையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. சிங்கரின் குளத்துக் கதையில் மட்டும் எனக்கு ஒரு குறை. குழந்தையைத் தூக்கிக் கரையில் விட்டதும் கதை முடிந்துவிடுகிறது. வெள்ளத்தில் மாட்டிய குடும்பத்தின் கதை கரையேறிய பிறகுதான் தொடங்குகிறது.

இரண்டாம் மாதத்தைப் பாருங்கள். நிவாரண மையம் மூடியாகிவிட்டது. லோரி வருவதில்லை. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு. மெத்தை போயிற்று, துணி துவைக்கும் இயந்திரம் போயிற்று, குளிர்பதனப் பெட்டி போயிற்று. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் சேறு; அது ஓடாமல் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை, நாள்கூலிக்காரருக்கு. பிள்ளையின் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை. ஊறிப்போன பிறப்புப் பத்திரத்துக்கு மாற்றுப் பத்திரம் வாங்க அலைச்சல். சேறு கழுவியதில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் வந்தவருக்கு மருத்துவமனைப் போக்குவரத்து. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் பழுதுபார்க்கும்வரை வேறு இடத்துக்கு முன்பணம். இதற்கெல்லாம் உறவுக்காரரிடம் கேட்டு முடியாதபோது அடுத்த கதவு ஆலோங் வீட்டுக் கதவு. வட்டிக் கடனில் விழுந்த குடும்பத்துக்கு வெள்ளம் வடிந்தும் வடியாது.

2021 டிசம்பரில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கான அரசாங்க ரொக்க உதவி, முன்பிருந்த 500-லிருந்து 1,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. நல்ல முடிவு. வீட்டுப் பழுதுக்கும் மின்சாதனத்துக்கும் தனியே உதவிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தோடு அந்த ஆயிரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குளிர்பதனப் பெட்டியும் இரண்டு மெத்தையும் வாங்கினால் தீர்ந்துபோகும். நம் கொடை வர வேண்டிய நேரம் இது. கைக்காசாக, எதற்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடாமல். பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். நேற்றுவரை வாடகை கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கூட்டுக் கட்டிக் குடும்பம் நடத்திய அம்மாவுக்கு, தண்ணீர் வந்த ஓர் இரவில் கணக்குப் பார்க்கத் தெரியாமல் போய்விடுமா?

வாங்குகிறவரைச் சந்தேகிக்கும் இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம் முன்னோர்கள் உடம்பால் அறிந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை விழுங்கிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரணச் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் ஒரு சட்டம் போட்டார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அதற்கும் வீட்டிலிருந்து தொலைவில் உள்ள முகாமுக்கு நடந்து போய்க் கல்லுடைக்க வேண்டும். உண்மையிலேயே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் நடப்பான் என்பது சோதனை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு உயிரைத் தாங்காது என்று போராடினார். சில மாதங்கள் கழித்தே அந்தக் கூலி உயர்ந்தது. அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அதுவும் அதற்குப் பின் வந்த வறட்சிகளும் நம்மவர்களைக் கப்பலேற்றிய காரணங்களில் சேரும். 1890களின் பிற்பாதியில் தோட்ட முதலாளி டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு இதே ஜாசின் பக்கத்துப் புக்கிட் அசாஹானிலும் ரப்பர் நட்டார். பின்னர் மலாயா முழுக்கப் பரவிய ரப்பர் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் வறண்ட ஊர்களின் பிள்ளைகள். பசித்தவனைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் முறையின் கொடுமை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியாக நமக்கு இருக்கக் கூடாது.

பட்டியலில் இல்லாதவர்

அரசாங்க உதவி பட்டியல்படிதான் போகும், போகவும் வேண்டும். நிவாரண மையத்தில் பதிந்தவர், அடையாள அட்டை உள்ளவர், குடும்பத் தலைவர். பெங்குளுவோ கம்பத்துத் தலைவரோ உறுதிப்படுத்திய வீடு. இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறவர்கள் யார் என்று தேடுவதுதான் தனியார் கொடையின் முதல் வேலை என்பது என் திட்டமான கருத்து.

மையத்துக்குப் போகாமல் அக்கா வீட்டிலோ கோவில் மண்டபத்திலோ தங்கிய குடும்பம் முதலில் தவறும். பிறகு ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பமாக இருப்பவர்கள். உதவி ஒரு பெயருக்குத்தான் வரும். அடையாள ஆவணம் சரியில்லாமல் இன்னும் சிவப்பு அட்டையோடும் அதுவும் இல்லாமலும் வாழ்கிற இந்தியர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, பதியாமல் விடப்பட்டதன் விளைவு அது. கணவனைப் பிரிந்து தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண், குடும்பத் தலைவர் என்ற பத்தியில் தன் பெயரை எழுதவைக்கவே போராட வேண்டியிருக்கும்.

அப்புறம், நம் பழைய லயத்து வீடுகளில் இன்று இருப்பவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் நம்மவர் வெளியேறிய பிறகு, செம்பனைக் குலை வெட்ட வந்த இந்தோனேசியரும் பங்ளாதேஷியரும் அங்கே இருக்கிறார்கள். வெள்ள உதவித் தொகை அவர்களுக்குக் கிடையாது. ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவர்கள். மாதச் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகும். நம் ஆள்களுக்கே போதவில்லை, அவர்களுக்கும் நாம் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு முன் அந்த லயத்தில் அப்படி இருந்தது நாம். அடுத்த வீட்டுக்காரர் என்ற உறவு கடவுச்சீட்டில் எழுதப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் ஓடுவது நியாயமே, ஓடிச் சேர முடிந்தவர் நாம்தான் என்பதால். பக்கத்தில் இருப்பவர்களுக்குள் நம் இனத்தவரை மட்டும் பொறுக்கி எடுப்பதற்கு நியாயம் கிடையாது. குருத்வாரா அடுப்பு யாருடைய பெயரையும் கேட்டு எரியவில்லை.

இன்னொரு கூட்டமும் நம் கண்ணில் படுவதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு மலைமலையாய்க் குவிந்த குப்பையை அள்ள வேறு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சரியான கையுறையும் காலணியும் இல்லாமல் பலர் அழுகலுக்குள் இறங்கினார்கள். அந்த வெள்ளத்தில் பேசப்பட்டது தன்னார்வலர்களின் தியாகமும், நிவாரணப் பொட்டலத்தில் முதல்வர் படம் ஒட்டிய சண்டையும். நகரத்தைத் திரும்ப வாழத் தகுந்ததாக்கியவர்களின் உழைப்பை யாரும் கொடைக் கணக்கில் எழுதவில்லை. இங்கேயும் வெள்ளத்துக்குப் பிறகு நகராண்மைக் கழகத்துக் குத்தகைத் தொழிலாளிகள் அதே வேலையைச் செய்கிறார்கள். முழங்கால் காலணியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பதுகூட நல்ல கொடைதான்.

படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய அட்டைக் காசோலையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஓர் ஆயா கும்பிட்டபடி நிற்கும் படம் பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் வரும், நாங்களும் போடுவோம். இனிப் போடக் கூடாது. கணக்குக் காட்ட வேண்டுமானால் ரசீதைப் படம் எடுங்கள். வாங்கியவரின் முகம் ரசீது அல்ல. அந்த ஆயாவின் பேரப்பிள்ளை நாளை பள்ளியில் அந்தப் படத்தோடு உட்கார வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் இருந்த வழி

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் மரண சகாய நிதி என்று ஒன்று இருந்தது. பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. மாதாமாதம் ஒரு சிறு தொகை. வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே காசு கைக்கு வந்துவிடும். யாரும் மனு எழுதவில்லை, யாரும் தகுதி பார்க்கவில்லை, யாரும் மாலை போடவில்லை. வாங்கிய குடும்பம் அடுத்த மாதம் மற்றவருக்காகக் கட்டும். அதில் கொடுப்பவர் என்றும் வாங்குபவர் என்றும் இரண்டு சாதி கிடையாது. இரக்கம் பொங்கும் நாளுக்காகக் காத்திராமல், பொங்காத மாதங்களிலும் கட்டிய காசு அது.

சிறு தொகையின் வலிமை இந்தச் சமூகத்துக்குத் தெரியாததா? 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியே ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் பலர் நாட்கூலிக்காரர்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கத் தவணைக்குப் பத்து வெள்ளி கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது. அதன் பிற்காலம் குறித்து வாதங்கள் இருக்கலாம். பத்துப் பத்தாகக் கட்டித் தோட்டமே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதில் வாதம் இல்லை.

ஆகவே சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின், அசாஹான் பக்கத்து ஆலயங்களும் இளைஞர் அமைப்புகளும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து ஒரு வெள்ளச் சகாய நிதி தொடங்கலாம். குடும்பத்துக்கு மாதம் ஐந்து ரிங்கிட். வரவும் செலவும் ஆலய அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்பட வேண்டும். பணத்தில் பெரும்பகுதி முதல் வாரத்துக்கு அல்ல, இரண்டாம் மூன்றாம் மாதத்துக்கு. யார் வீட்டில் படுத்த படுக்கையான முதியவர் இருக்கிறார், யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு ஆவணம் இல்லை என்ற பட்டியல் மழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு அந்தப் பட்டியலை எழுத முடியாது. பொதுமக்களிடம் தெருவிலும் வீடு வீடாகவும் நிதி திரட்டுவதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும் என்பது 1947-இலிருந்து இருக்கிற சட்டம். அதை மதித்தே செய்யலாம். தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு, அனுப்பியவர் எவ்வளவு வேண்டியவரானாலும், ஒரு காசும் போடாதீர்கள்.

கோவில் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அங்கே ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சத்திய ஞான சபை அதற்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து எழுந்தது. சோறு முதலில், சபை பிறகு. இந்த வரிசைக்கு மேல் எனக்கு வேறு சான்று தேவையில்லை. கோபுரத்துக்கு வர்ணம் ஓராண்டு தள்ளிப்போனால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

கொடையால் முடியாத ஒன்றும் உண்டு. 2021 வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. இதை உண்டியலால் ஈடுகட்ட முடியாது. வாய்க்கால் தூர்வாருவது, மதகுக்கதவு பழுதுபார்ப்பது, தாழ்நிலத்தில் வீடமைப்புக்கு அனுமதி தராமலிருப்பது, காட்டையும் சதுப்பையும் காப்பது ஆகியவை அரசாங்கத்தின் பொறுப்பு. மலிவான வீடு ஏன் எப்போதும் பள்ளத்தில் கட்டப்படுகிறது என்ற கேள்வியை மாநிலத்திடமும் மேம்பாட்டாளரிடமும் கேட்க வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் தாங்களாக விரும்பியா பள்ளத்துக்குப் போனார்கள்? நாம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவிடுவதால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக மாநிலமும் மேம்பாட்டாளரும் நினைக்கக் கூடாது. உதவிப் பொட்டலத்தோடு கையெழுத்து மனுவும் போகட்டும். ஜாசின் நகராண்மைக் கழகத்துக்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு, 2015-இல் அமைந்த தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மாவுக்கு. கொடுக்கும் கையே கேட்கும் கையாகவும் இருக்க உரிமை உண்டு. அவர்களும் நம் வரிப்பணத்தில்தான் இயங்குகிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். உங்கள் ஆலயத்தின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து இந்த நிதியைப் பற்றிக் கேளுங்கள். போன வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்த வாரமே போய், இன்னும் என்ன குறை இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதைக் கொடுங்கள்.